பாசிக்கு முத்தம் கொடுத்த ஹெப்சி அத்தை

ஹெப்சி அத்தை பாசிக்கு முத்தம் கொடுப்பதை முதலில் பார்த்தது நான்தான். பார்த்ததோடு விட்டிருந்தால் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியிருக்கலாம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் ஊரான கெட்டில் துறையில் மாடுகளைத் தவிர எல்லாருக்கும் அதை நடித்துக் காட்டிவிட்டேன். கண்ணை மூடி, ஒரு துணிப்பையை மேலுதட்டில் வைத்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை மெதுவாக இழுத்து, கடைசியில் ஒரு பெருமூச்சு. பெருமூச்சு மட்டும் என் சரக்கு. லாட்டி பெல்ரின் சிரித்த சிரிப்பில் டீயைத் தன் மடியிலேயே கவிழ்த்துக்கொண்டாள்.

"புருஷன் போய் இத்தனை வருஷம் ஆச்சு, பாவம்! பாசியாவது கெடைச்சுதே அவளுக்கு" என்றாள்.

எங்கள் ஊரில் ஹெப்சி ரைனால்டைத் தெரியாதவர்கள் கிடையாது. உயரம் என்றால் சர்ச் கதவில் குனிந்துதான் நுழைவாள். பத்து வயதுப் பிள்ளையாக இறால் டப்பா ஆலைக்குப் போனவள், நரைத்த பிறகும் போய்க்கொண்டிருந்தாள். ஆலை மூடியிருக்கும் மாதங்களில் துறைப் பலகையில் நின்று மீன் பிளப்பாள், உப்புத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் கையை முழங்கைவரை விட்டு அலசுவாள். பிள்ளைகள் இல்லை. டச்சஸ் என்று ஒரு பசு இருந்தது. எந்த வேலியையும் அது ஒரு பொருட்டாக மதித்ததில்லை. ஊரில் யார் தோட்டத்து முட்டைக்கோஸ் காணாமல் போனாலும் முதலில் டச்சஸைத் தேடுவார்கள், அதற்கப்புறம் என்னைத் தேடுவார்கள்.

புருஷன் ஆப்னர் கடலில் சாகவில்லை. எங்கள் ஊர் ஆண்களுக்குக் கடல்தான் வழக்கம். ஆப்னர் துறைப் பலகையில் கையை ஊன்றி எழுந்தபோது உள்ளங்கையில் ஒரு மரச் சிலாம்பு ஏறியது. கண்ணுக்குத் தெரியாத அளவு. பல்லால் கடித்துப் பிடுங்கிவிட்டு வேலையைப் பார்த்தார். பாதி உள்ளேயே இருந்துவிட்டது. கை வீங்கி, தோள்வரை கறுத்து, அடுத்த ஞாயிறு அவர் இல்லை. ஹெப்சி அத்தையின் வாழ்க்கையில் பெரிய விஷயம் என்று ஊர் சொல்வது இது ஒன்றுதான். நான் சொல்லவந்தது அதற்கு வெகு காலம் கழித்து நடந்தது.

ஜெர்மனியோடு போர் வந்ததும் ஆண்கள் போனார்கள். என் அண்ணன் கார்னெட்டும் போனான். பிரான்சில் பட்டாளத்துக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. வீட்டில் ஒரு நாள் உரித்தவன் இல்லை. மிச்சமிருந்த வேலையெல்லாம் பெண்கள் தலையில் விழுந்தது. படகு இழுப்பது, விறகு வெட்டுவது, இறால் கூண்டு போடுவது என்று எல்லாம் செய்துவிட்டு, உட்கார்ந்தால் காலுறை பின்னுவது. நான் பின்னிய காலுறையை ஜோஸ்ட்டம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இது எந்த மிருகத்துக்கும்மா?" என்று கேட்டார். ஜோஸ்ட்டம்மா கடைக்காரர் மனைவி, எங்கள் ஊர் செஞ்சிலுவைக் குழுவுக்குத் தலைவி. அன்றோடு என்னைக் காலுறையிலிருந்து எடுத்துப் பாசியில் போட்டார்கள்.

உலகத்துப் பஞ்சையெல்லாம் வெடிமருந்து ஆலைகள் தின்றுகொண்டிருந்த காலம் அது. காயத்துக்குக் கட்ட மிச்சமில்லை. எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் சதுப்பில் மண்டிக்கிடக்கிற பாசியைக் காயவைத்தால், அது பஞ்சைவிட அதிகம் ரத்தம் குடிக்கும் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். அதுவரை அந்தப் பாசி எங்களுக்குச் செருப்பை விழுங்குகிற சனியன், வேறொன்றும் இல்லை. இலையுதிர் காலம் முழுக்கப் பெண்கள் பாவாடையை முடிந்துகொண்டு சதுப்பில் இறங்கினார்கள். அள்ளிய பாசி வேலிகளிலும் மீன் காயப்போடும் பரண்களிலும் காய்ந்தது. குளிர்காலம் முழுக்கச் சர்ச் ஹாலில் நீள மேசை போட்டு அதை ஆய்ந்தோம். குச்சி, வேர், பைன் மர ஊசியிலை, வண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, சுத்தமான பாசியை மெல்லிய துணிப்பைகளில் பரப்பித் தைக்க வேண்டும். அந்தப் பை நேராகப் புண்ணின்மேல் போய் உட்காரும்.

மேசையின் கடைசியில் ஹெப்சி அத்தை இருந்தாள். தைத்த பை எல்லாம் அவளிடம் போகும். அவள் சரி என்றால்தான் பெட்டிக்குள் விழும். பாதிக்கு மேல் திரும்பி வரும்.

"பிரிச்சுப் பாரு. குச்சி இருக்கு."

"எங்க இருக்கு? எனக்குத் தெரியலையே!"

"உனக்குத் தெரியாது. எவன் புண்ணுல போகுதோ அவனுக்குத் தெரியும்."

லாட்டிக்கு இது பொறுக்காது. அவளுக்கு இரண்டு மகன்கள் போரில். "போருக்கு அனுப்பின நாங்களே சும்மா இருக்கோம். ஒருத்தனையும் அனுப்பாதவளுக்கு அதிகாரத்தைப் பாரு" என்பாள், காதில் விழும்படி. அத்தை தலையைத் தூக்க மாட்டாள். அடுத்த பையை எடுத்து முகத்துக்கு அருகே கொண்டுபோய் முத்தம் கொடுப்பாள்.

இப்படிப்பட்டவளைக் கத்தவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்ததில் என்ன ஆச்சரியம்? ஒரு நாள் எல்லாரும் டீ குடிக்கப் போனபோது, துணியில் ஒட்டிக்கொள்ளுமே முள்காய், அதில் நல்ல முரட்டுக் காயாகப் பார்த்து அவளுடைய கம்பளிக் கையுறைக்குள் நடு விரல் இடத்தில் செருகிவைத்தேன். வேலை முடிந்தது. கையுறையை மாட்டினாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு தயாராக நின்றேன்.

ஒன்றும் இல்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தாள். இன்னும் உள்ளே இறங்கவில்லை போல என்று பின்னாலேயே போனேன். மேட்டுப் பாதை ஏறினாள். வழியில் விறகுக் கட்டை ஒன்றைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். தன் வீட்டுக் கதவை அதே கையால் தள்ளித் திறந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"என்னடி, கதவுக்கு முட்டுக் குடுக்கறியா? உள்ள வா, இல்ல வெளிய போ. சூடு போகுது."

"அத்தை, கைல..."

"கைல என்ன?"

"முள்ளு."

கையுறையைக் கழற்றினாள். காய் விரல் நுனியில் நன்றாகப் பதிந்து, ரத்தம் கம்பளியில் ஊறியிருந்தது. அத்தை அதைத் தன் கையாகவே பார்க்கவில்லை. சந்தையில் வேறு யாரோ பிடித்துவந்த மீனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு தூண்டில் கழற்றுகிற மாதிரி, கண்ணால் பார்த்துப் பார்த்துப் பிடுங்கினாள்.

"நீ வெச்சியா?"

"ஆமா."

"எப்போ?"

"ஹால்லயே. நீங்க கத்துவீங்கன்னு பின்னாடியே வந்தேன். கத்தவே இல்ல."

"உனக்கு ஏமாத்தமாப் போச்சு."

"ரொம்ப."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"போன வருஷம் விரல்ல கொஞ்சம் உணர்ச்சி இருந்துச்சு வின்னி. இந்த வருஷம் சுத்தமாப் போயிடுச்சு. உப்புத் தண்ணில ஊறி, பனில வெறைச்சு, திரும்ப ஊறி... சூடு தெரியாது, குத்தினா தெரியாது."

"அப்போ அந்த முத்தம்?"

"எந்த முத்தம்?"

"பாசிக்கு நீங்க குடுக்கற முத்தம். ஊரே பேசுது." யார் ஊருக்குச் சொன்னது என்பதை நான் விளக்கவில்லை.

அத்தை மேலுதட்டைப் புறங்கையால் தொட்டுக்கொண்டாள். "ஓ, அதுவா. உதடு இன்னும் உயிரோட இருக்கு. உதட்டை யாரு உப்புத் தண்ணில போட்டா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கே அது புதிதாக இருந்தது.

"ஜோஸ்ட்டம்மாவுக்குத் தெரிஞ்சா மேசைலேருந்து எழுப்பிடுவா" என்றாள். "எழுப்பினா எழுப்பட்டும், எனக்கு அங்க சிம்மாசனமா போட்டிருக்கு? ஆனா அந்த எடத்துல லாட்டி வந்து உக்காருவா. லாட்டிக்கு வாய் முழிச்சிருக்கும், கை தூங்கும். அவ விட்ட குச்சி, பேர் தெரியாத எவனோ ஒருத்தன் புண்ணுக்குள்ள போய்ப் படுத்துக்கும். ஆப்னருக்கு எவ்வளவு பெருசு போச்சு தெரியுமா? ஒரு ஊசியிலைல பாதி." விரலை வைத்து அளவு காட்டப் பார்த்தாள். இரண்டு விரலும் ஒன்றையொன்று தொட்டுவிட்டதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். "ஆனா அந்த வெல்லப்பாகு ரொட்டில எனக்கு ஒரு துண்டு வேணும்."

"மெரட்டறியா?"

"ஆமா."

தடிமனாக வெட்டிக் கொடுத்தாள். வெண்ணெயும் தடவினாள்.

மறுநாள் ஹாலில் பாதிரியாரின் தாடியைப் பற்றி நானே கட்டிய பாட்டு ஒன்றை எடுத்துவிட்டேன். மூன்றாவது அடி வரும்போதே ஜோஸ்ட்டம்மா எழுந்துவிட்டார்.

"வின்னி! எழுந்திரு. போய் ஹெப்சி பக்கத்துல உக்காரு. அங்க உக்காந்தா தானா வாய் மூடும்."

ஐயோ, அங்கேயா, வேண்டாமே என்று கொஞ்சம் அழுதும் காட்டினேன். எனக்கு வேண்டிய இடம் கிடைத்துவிட்டது.

அதற்கப்புறம் பைகள் முதலில் என் கைக்கு வந்தன. நான் தடவிப் பார்த்துக் குச்சி பட்டால் மேசைக்கு அடியில் முழங்காலால் இடிப்பேன். அத்தை அந்தப் பையைத் திருப்பி அனுப்புவாள். நான் சரி என்று விட்டதைச் சால்வை மறைவில் உதட்டில் இழுப்பாள். என் விரலுக்கு அகப்படாதது அவள் உதட்டுக்கு அகப்பட்டது. எனக்கு ரோஷமாக இருக்கும். "இதுல ஒண்ணும் இல்ல" என்று சவால் விடுவேன். பிரித்தால் இருக்கும். அப்போது மட்டும் அத்தையின் வாயோரம் கொஞ்சம் அசையும். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஹாலிலிருந்து போன பெட்டிகளில் ஒரு ஊசியிலைகூடப் போயிருக்காது. பந்தயம் கட்டத் தயார்.

பனி கெட்டித்திருந்த மாதத்தில், பனிவண்டியில் மாகாணத் தலைநகர் ஹாலிஃபாக்ஸிலிருந்து ஓர் அம்மா வந்தார். எல்லா ஊர்ச் செஞ்சிலுவைக் குழுக்களையும் பார்த்துவிட்டு வருகிறாராம். கெட்டவர் இல்லை. எங்கள் வேலையைப் பாராட்டினார், டீ நன்றாக இருக்கிறது என்றார், எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். மேசையோரமாக நடந்துவந்தவர் கடைசியில் நின்றார். அத்தை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பை உதட்டில் இருந்தது. நான் முழங்காலால் இடித்தேன். குச்சி என்று நினைத்து அத்தை இன்னும் நிதானமாக இழுத்தாள்.

"என்ன பண்றீங்க?"

"அவங்களுக்குப் பல்வலிங்க" என்றேன். "பாசி வெச்சா கேக்கும்னு..."

"வின்னி, சும்மா இரு" என்றாள் அத்தை.

அந்த அம்மா கோபப்படவில்லை. "இது புண்ணுல வைக்கற பொருளும்மா. வாய் படக்கூடாது" என்றார்.

"ஆஸ்பத்திரில ஆவில வெச்சு அவிச்சுதானே எடுப்பாங்க, நீங்கதானே இப்போ சொன்னீங்க" என்றேன்.

"அவிப்பாங்க. அதுக்காக இங்க எச்சில் பண்ணலாமா?"

ஜோஸ்ட்டம்மாவுக்குக் கழுத்து வரை சிவந்துவிட்டது. "ஹெப்சி, நீ இனிமே தைக்கற பக்கம் வந்துடு" என்றார் அவசரமாக.

"எனக்கு ஊசி பிடிக்க வராது."

"ஏன் வராது? என் கல்யாணத்துக்குப் போர்வை தைச்சவதானே நீ!"

அத்தை இரண்டு கையையும் மேசைமேல் வைத்தாள். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. "விரல் செத்துப்போச்சு ஜேன். அதான் உதட்டுல பாக்கறேன்" என்றாள்.

ஜோஸ்ட்டம்மாவை ஜேன் என்று யாராவது கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன். லாட்டி சிரிக்கவில்லை. ஹாலிஃபாக்ஸ் அம்மா தணிந்த குரலில், அப்படியானால் பார்க்கிற வேலை நிச்சயம் வேறு ஒருவரிடம்தான் இருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதில் தப்பு என்று ஒன்றும் இல்லை. எனக்கு எரிந்ததே அதில்தான். அத்தை கையுறையை மாட்டிக்கொண்டாள். உள்ளே முள் இருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு மாட்டினாள்.

மறுநாளிலிருந்து அத்தை ஹாலுக்கு வரவில்லை. அந்த இடத்துக்கு லாட்டி வந்தாள். கெட்ட எண்ணம் இல்லை அவளுக்கு, ஆனால் மகன்களைப் பற்றிப் பேசிக்கொண்டே பைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் தினமும் வேலை முடிந்ததும் அத்தை வீட்டுக்குப் போனேன். ரொட்டிக்காக.

"இன்னிக்கு லாட்டி ஏதாவது திருப்பி அனுப்பினாளா?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"எல்லாம் சுத்தமா இருக்காம்."

அத்தை டச்சஸின் மடியைக் கழுவப் போவாள். பால் கறப்பதையும் இப்போது கண்ணால் பார்த்துத்தான் செய்தாள்.

பனி இளகத் தொடங்கிய நேரத்தில் பிரான்சிலிருந்து செய்தி மோசமாக வந்தது. ஜோஸ்ட் கடையில் இருந்த தந்திக்கு ஓயாமல் வேலை. பெரிய சண்டை, ஆஸ்பத்திரிகள் வழிகின்றன, இருக்கிற பைகளையெல்லாம் முதல் ஸ்டீமரில் அனுப்புங்கள் என்று ஹாலிஃபாக்ஸிலிருந்து சொன்னார்கள். எங்களிடம் இலையுதிர் காலத்துப் பாசி தீர்ந்துபோயிருந்தது. துறையில் பனிக்கட்டி உடைந்துகொண்டிருந்தது. எந்த நாளும் ஸ்டீமர் வரலாம்.

சதுப்புக்குப் போனோம். மேலே கண்ணாடி மாதிரி ஒரு பனித் தகடு. காலால் உடைத்தால் அடியில் கறுப்புத் தண்ணீர், அதற்கடியில் பாசி. பல் வைத்த வாரியால் இழுத்தால் வேரும் குச்சியும் சேர்ந்து வரும். கையால்தான் எடுக்க வேண்டும். ஜோஸ்ட்டம்மா கையை விட்டார். "அம்மாடி!" என்று வெளியே இழுத்துவிட்டார். லாட்டி விட்டாள், கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். நான் ஒரு கைப்பிடி எடுப்பதற்குள் எலும்புக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் கையை அக்குளில் வைத்துக்கொண்டு குதித்தோம். கூடை காலியாகவே இருந்தது.

அப்போது மேட்டிலிருந்து ஹெப்சி அத்தை இறங்கிவந்தாள். காலில் ஆப்னரின் ரப்பர் பூட்ஸ். யாரையும் பார்க்கவில்லை. பனியை மிதித்து உடைத்தாள், குனிந்தாள், முழங்கைவரை உள்ளே விட்டாள். பிழிந்தாள், கூடையில் போட்டாள். திரும்ப விட்டாள். வீட்டில் மாவு பிசைகிறவள்போல் செய்துகொண்டே போனாள்.

"ஹெப்சி..." என்றார் ஜோஸ்ட்டம்மா.

"இதுக்கு வாய் வேண்டியதில்ல. நீங்க போய் அடுப்பு மேல காய வையுங்க" என்றாள், நிமிராமல்.

அவர்கள் கூடைகளைச் சுமந்துகொண்டு ஹாலுக்கும் சதுப்புக்குமாக நடந்தார்கள். நான் அங்கேயே நின்றேன். எங்கள் ஊரில் குளிரில் இரண்டு பேர் வெளியே போனால், ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மூக்கிலோ கன்னத்திலோ வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் சொல்லியாக வேண்டும். உறைகிறது யாருடைய மூக்கோ, அவருக்கு அது தெரியாது. பரம விரோதிகள்கூட, "உன் மூக்கு வெள்ளையாகுதுடா" என்று சொல்லிவிட்டுத்தான் சண்டையைத் தொடர்வார்கள். நான் அத்தையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் சிவப்பாக இருந்தது. காற்று திரும்பியபின் நீலம் பாய்ந்தது. அதற்கப்புறம் இடது கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மெழுகு மாதிரி ஆயின.

"அத்தை, வெள்ளை! ரெண்டு விரல்! வெளிய வாங்க!"

கையைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்தது நிச்சயம். "இந்தக் கூடை முடியட்டும்" என்றாள்.

"போன கூடைக்கும் அதான் சொன்னீங்க."

"என் விரல்தானே. எனக்கே அது இல்லன்னு ஆயிடுச்சு, உனக்கு என்ன கவலை?"

கெஞ்சினேன். திட்டினேன். கையைப் பிடித்து இழுத்தேன், அவள் உயரத்துக்கு நான் ஒரு கொசு. அவள் மறுபடி குனிந்தாள். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தேன். மேட்டைப் பார்த்து விரலை நீட்டிக் கத்தினேன்:

"ஐயோ அத்தை! டச்சஸ் ஹாலுக்குள்ள போயிடுச்சு! காயப்போட்ட பாசிய எல்லாம் திங்கப்போகுது!"

அந்தப் பசுவின் சரித்திரம் அப்படி. அத்தை ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. கூடையைப் போட்டாள், பாவாடையைப் பிடித்தாள், ஆப்னரின் பூட்ஸ் தடதடக்க மேட்டில் ஏறி ஓடினாள். "ஏய் டச்சஸ்! கழுதை முண்டமே! வெளிய வா!" என்று அவள் கத்தியது துறைவரை கேட்டிருக்கும். ஒரு வழியாக அவளைக் கத்தவைத்துவிட்டேன்.

ஹால் கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே பெண்கள் அமைதியாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். பசு இல்லை. அத்தை மூச்சு வாங்க நின்று, மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அவங்க கையப் பாருங்க!" என்று நான் ஜோஸ்ட்டம்மாவிடம் கத்தினேன். "அப்புறம் என்னை அடிங்க!"

லாட்டிதான் முதலில் பார்த்தாள். "கடவுளே" என்று அடுப்புப் பக்கம் இழுக்கப் போனாள். "நெருப்புகிட்ட வேண்டாம், தோல் பிரிஞ்சுடும்" என்று ஜோஸ்ட்டம்மா தடுத்தார். அதற்கடுத்து ஜோஸ்ட்டம்மா செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தன் நல்ல கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார், அத்தையின் ஈரக் கைகள் இரண்டையும் பிடித்து உள்ளே இழுத்துத் தன் அக்குள்களில் வைத்து இறுக்கிக்கொண்டார். குளிர் தாங்காமல் அவர் முகம் கோணியது. விடவில்லை. இரண்டு பேரும் நடுஹாலில் மூக்கோடு மூக்கு இடிக்காத குறையாக நின்றார்கள்.

"உனக்கு ஜுரம் வரும் ஜேன்" என்றாள் அத்தை.

"வாய மூடு ஹெப்சி."

வேறு பார்க்க இடமில்லாததால் அத்தையின் கண் ஜோஸ்ட்டம்மாவின் தோளைத் தாண்டி மேசைக்குப் போனது. லாட்டி பார்த்து முடித்த பைகள் அங்கே அடுக்கியிருந்தன. பெட்டி திறந்திருந்தது.

"அதெல்லாம் பாத்தாச்சா?"

லாட்டி தன் நகத்தைப் பார்த்தாள்.

"வின்னி, அதுல ஒண்ணு கொண்டா."

நான் கொண்டுபோனேன். அவள் கைதான் ஜோஸ்ட்டம்மாவிடம் மாட்டியிருந்ததே. நானே பையைத் தூக்கி அவள் மேலுதட்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன். தொடவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஹாலிஃபாக்ஸ் அம்மா சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அத்தையும் உதட்டைக் கொடுக்கவில்லை. ஜோஸ்ட்டம்மாவைப் பார்த்தாள். ஜோஸ்ட்டம்மா நினைத்தால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். குழுவின் தலைவி அவர்.

லாட்டிதான் எழுந்தாள். "ஸ்டீமர் புகை தெரியற மாதிரி இருக்கே" என்று சொல்லிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். ஜன்னலில் வெறும் கடல்தான் இருந்தது. "எங்க, பாக்கலாம்" என்று அடுத்தவள் போனாள். நாற்காலிகள் நகர்ந்தன. ஒவ்வொருவராகப் போய் அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலை அடைத்து நின்றார்கள். ஜோஸ்ட்டம்மாவால் திரும்ப முடியாது. திரும்பினால் கைகளை விட வேண்டும்.

"எனக்குத் தூக்கம் வருது" என்று சொல்லி அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

நான் பையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை மெதுவாக இழுத்தேன். அத்தையும் கண்ணை மூடியிருந்தாள். முதல் பை சரி. இரண்டாவது சரி. அதற்கடுத்ததில் அவள் தலையை லேசாகப் பின்னுக்கு இழுத்தாள். நான் அதைத் தனியாக வைத்தேன். இப்படியே அடுக்கு முழுக்கப் பார்த்தோம், அதற்கப்புறம் பெட்டி முழுக்க. ஜன்னலில் நின்றவர்கள் இல்லாத கப்பலைப் பற்றி, புகை கறுப்பா சாம்பலா என்று வெகு நேரம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். தனியாக வைத்த பைகளை அவர்கள்தான் பிரித்துப் பார்த்தார்கள். லாட்டி பிரித்த முதல் பையில் ஓர் ஊசியிலை இருந்தது. முழுசுகூட இல்லை, பாதி. அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊரில் அது சின்ன சம்பவம் இல்லை.

ஸ்டீமர் இரண்டொரு நாளில் நிஜமாகவே வந்தது. பெட்டிகள் போயின. எந்தப் பை எந்தப் புண்ணுக்குப் போனது என்று யாருக்குத் தெரியும்? கார்னெட் முழுசாகத் திரும்பி வந்தான், இப்போதும் உருளைக்கிழங்கு உரிப்பதில்லை. லாட்டியின் மகன்களில் ஒருவன் வந்தான்.

அத்தையின் மோதிர விரல் பிழைத்தது. சுண்டுவிரல் நுனி கறுத்து உதிர்ந்தது. அது போனதற்கு அவள் அழவில்லை, "அது போய் வெகு நாளாச்சு, இப்போதான் கெளம்பிச்சு" என்றாள். பசு விஷயமாகப் பொய் சொன்னதற்கு மட்டும் என் காதைத் திருகினாள். பலமே இல்லை. வலிக்கிற மாதிரி நான்தான் கத்தினேன்.

அன்றிலிருந்து ஹாலில் பைகள் அவளிடம் வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தி ஜன்னலுக்குப் போய், "புகை தெரியற மாதிரி இருக்கே" என்பாள். போர் முடியும்வரை அந்த ஹாலில் எங்களுக்குக் கப்பல் வராத நாளே இல்லை.